ஃபார்மேட் அடித்தால் போதுமா?

கணினி மெதுவாக ஓடுகிறது. ஏதேதோ விளம்பரம் தானாகத் திறக்கிறது. நேற்றுவரை திறந்த ஃபைல் இன்று திறக்க மாட்டேன் என்கிறது. இதில் எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் பெரும்பாலான சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வைரஸ் சார், ஃபார்மேட் அடிச்சிரலாம்." விண்டோஸைப் புதிதாகப் போட்டு மறுநாள் கையில் கொடுத்துவிடுவார்கள். கணினியும் பறக்கும். நாமும் நிம்மதியாகிவிடுவோம்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அது சரியான வைத்தியம்தான். அன்றைய வைரஸ் கணினிக்குள் வந்து தங்கி, அங்கேயே இருந்து கெடுத்தது. துடைத்து எடுத்தால் போயிற்று. இன்று வருபவற்றுக்குக் கணினியின் மீது பெரிய அக்கறை கிடையாது. அதற்குள் இருக்கும் பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், சில சமயம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பயம், இவைதான் வேண்டும். எடுத்துக்கொண்டு போனபிறகு ஃபார்மேட் அடித்து என்ன பயன்? சில வகை ஆபத்துகளுக்கு ஃபார்மேட் தேவையே இல்லை. சிலவற்றில் அதுவே நஷ்டத்தை உறுதிசெய்துவிடும். ஆகவே ஒவ்வொன்றும் எந்த வழியாக வருகிறது, எதை எடுக்கிறது, வந்தபின் எதை முதலில் செய்ய வேண்டும் என்று பார்த்துவிடலாம்.

நம் ஊரில் இன்னும் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஆசாமி பென்டிரைவ் வார்ம். ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட்டோ பட்டாவோ பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து வீட்டுக் கணினியில் செருகினால், உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஓரத்தில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக நிற்கும். இங்கேதான் பலர் பதறிப்போய் பென்டிரைவை ஃபார்மேட் அடித்து, பத்திரமாக இருந்த கோப்புகளைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். கோப்புகள் எங்கும் போகவில்லை. வார்ம் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. அதைச் சொடுக்கினால் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வார்மும் ஓடத் தொடங்கிவிடும்.

அம்புக்குறி தெரிந்தால் எதையும் சொடுக்காதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பட்டியலில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில், சிஸ்டம் கோப்புகளை மறைத்துவை என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் பழைய ஃபோல்டர்கள் தெரியும். வேண்டியதை மட்டும் கணினிக்கு எடுத்துக்கொண்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, அதன்பிறகு பென்டிரைவை ஃபார்மேட் அடிக்கலாம். முன்பெல்லாம் செருகியவுடன் தானாகவே ஓடிவிடும்; 2008இல் கிளம்பிய கான்ஃபிக்கர் அப்படிப் பரவியதுதான். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது. அதனால்தான் இப்போது ஷார்ட்கட் வைத்து நம் விரலுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பயந்து பலர் இப்போது ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வார்ம் வராது, சரி. ஆனால் உங்கள் ஆதார் பிடிஎஃப் அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், ஊரில் பாதிப் பேரின் ஆதாரோடு சேர்ந்து கிடக்கும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஆதார் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும் 'மாஸ்க்டு ஆதார்' அனுப்புங்கள். அதில் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே தெரியும். பிரிண்ட் வந்ததும் "அண்ணே, அதை டெலீட் பண்ணிருங்க" என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்தது கிராக். வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டி வைரஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், நான் முதலில் திருப்பிக் கேட்பது விண்டோஸும் ஃபோட்டோஷாப்பும் காசு கொடுத்து வாங்கியவையா என்றுதான். பதில் பெரும்பாலும் ஒரு சிரிப்பு. டிடிபி சென்டரில் ஓடும் கோரல் டிரா, கல்லூரிப் பையனின் லேப்டாப்பில் இருக்கும் ஆஃபீஸ், எல்லாம் கிராக். அந்த ஃபைலோடு வரும் குறிப்பின் முதல் வரியைக் கவனித்திருக்கிறீர்களா? ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும் என்றிருக்கும். ஜிப் ஃபைலுக்கு 1234 என்று ஒரு பாஸ்வேர்டும் போட்டிருப்பார்கள். பூட்டிய ஜிப்பை ஆன்டி வைரஸால் திறந்து பார்க்க முடியாது, அதற்குத்தான். நாமே காவல்காரரை வெளியே அனுப்பிவிட்டு, நாமே கதவைத் திறந்து, நிர்வாகி அனுமதி கேட்கும்போது 'யெஸ்' என்றும் அழுத்துகிறோம். வேண்டிய மென்பொருள் போல வந்து வேறு வேலை பார்க்கும் இந்த வகைக்கு ட்ரோஜன் என்று பெயர். இன்று வீட்டுக் கணினிகளுக்குள் அது கொண்டுவந்து இறக்கும் சரக்கில் மிக மோசமானது 'இன்ஃபோஸ்டீலர்' எனப்படும் திருடி.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வந்து போனதே தெரியாது. கணினி மெதுவாகாது, எச்சரிக்கை வராது. சில நிமிடங்களில் குரோமில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள், கார்டு விவரங்கள், குக்கீகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டு, சில சமயம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ரெட்லைன், லும்மா என்பவை இதில் பெயர் போனவை. ரெட்லைனின் சர்வர்களை 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறை மற்ற நாடுகளோடு சேர்ந்து முடக்கியது. லும்மா மீது 2025 மே மாதம் நடவடிக்கை எடுத்த மைக்ரோசாஃப்ட், அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாகச் சொன்னது. திருடிய கட்டுகளை விலைக்கு விற்கும் சந்தை தனியாக இருக்கிறது. இன்று திருடு போனது ஆறு மாதம் கழித்து வேறொருவன் கையில் வேலை செய்யத் தொடங்கலாம்.

பாஸ்வேர்டு போனால் என்ன, ஓடிபி இருக்கிறதே என்பவர்களுக்குக் குக்கீ பற்றிச் சொல்லியாக வேண்டும். பொருட்காட்சியில் ஒருமுறை டிக்கெட் வாங்கி உள்ளே போனவர் வெளியே வந்து மறுபடி நுழைவதற்காகக் கையில் ஒரு முத்திரை குத்துவார்களே, கிட்டத்தட்ட அதுதான் குக்கீ. பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து ஜிமெயிலுக்குள் போனபின், ஒவ்வொரு முறையும் கேட்காமல் இருப்பதற்காகத் தளம் உங்கள் பிரௌசரில் வைத்துவிட்டுப் போகும் அடையாளம். அதை அப்படியே எடுத்துப்போய்த் தன் கணினியில் வைத்துக்கொண்டால் திருடனிடம் ஓடிபி கேட்கப்படாது. யூடியூப் சேனலையே பறிகொடுத்தவர்கள் பலரிடமிருந்து அது போனது இப்படித்தான்.

இங்கே ஃபார்மேட்டை முதலில் அடித்தால் என்ன ஆகும்? திருடிய நிரல் போய்விடும். திருடு போன பாஸ்வேர்டும் குக்கீயும் அவனிடம் அப்படியே உயிரோடு இருக்கும். வரிசை வேறு. சந்தேகப்பட்ட கணினியின் வைஃபையை முதலில் அணையுங்கள். வேறொரு நல்ல கணினி அல்லது ஃபோனிலிருந்து மின்னஞ்சலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் 'மறந்துவிட்டேன்' கடிதமும் அங்கேதான் வரும் என்பதால் அதுவே முதல். கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, அங்கிருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். முத்திரை அப்போதுதான் செல்லாமல் போகும். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜிமெயில் அமைப்புகளில் யாருக்காவது கடிதங்களைத் தானாக அனுப்பும் ஏற்பாடு நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; இதை யாரும் பார்ப்பதில்லை. பிறகு வங்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். இவையெல்லாம் முடிந்தபின் ஃபார்மேட். இங்கே அது அவசியம்தான், ஆனால் கடைசி வேலை.

இந்தத் திருடி வருவதற்கு இன்னொரு புது வழியும் இருக்கிறது. ஏதோ ஒரு தளத்தில் 'நான் ரோபோ அல்ல' என்ற பெட்டி வரும். டிக் செய்தால், விண்டோஸ் விசையோடு 'ஆர்' அழுத்தவும், பிறகு கன்ட்ரோலோடு 'வி', பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லித்தரும். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கும் முறை அது இல்லை. அந்தத் தளம் ரகசியமாக உங்கள் கணினியின் கிளிப்போர்டில் வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓடவைக்கும் முறை. எந்த உண்மையான தளமும் விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது.

கிராக்குக்கு மாற்று இல்லாமல் இல்லை. லிப்ரே ஆஃபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் இலவசம், முறையானவை. பழைய வேலைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரில் கிடக்கின்றன, விட முடியாது என்று சொல்லும் டிடிபி நண்பர்களின் சங்கடம் புரிகிறது. அவர்கள் அதற்கென ஒரு பழைய கணினியை இணையம் இல்லாமல் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலையும் மின்னஞ்சலும் அதே கணினியில் நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ரேன்சம்வேர் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்பது. யோசனை பழையது. 1989இல் ஜோசப் பாப் என்ற ஆய்வாளர் எய்ட்ஸ் பற்றிய தகவல் வட்டு என்று சொல்லி சுமார் 20,000 ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பி, கணினியை முடக்கி, பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார். பணம் வாங்கும் வழிதான் அன்று சிக்கல். பிட்காயின் வந்ததும் அது தீர்ந்தது. 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 300 டாலர் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியபோது, நோயாளிப் பதிவைப் பல நாட்கள் கையால் எழுத வேண்டியிருந்தது.

வீட்டுக் கணினிக்கு இவ்வளவு பெரிய ஆட்கள் வருவதில்லை. அங்கே அதிகம் வந்தது 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியூ' என்றும் சொல்லப்படும் ஒன்று. வந்த வழி? மறுபடியும் கிராக். கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் வருட வீடியோ, கடைக் கணக்கு எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கெழுத்து ஒட்டிக்கொள்ளும். எதுவும் திறக்காது.

இங்கே ஃபார்மேட் அடிப்பதுதான் பெரிய பிழை. பூட்டிய கோப்பு இன்னும் உங்களிடம் இருக்கிறது; சாவி மட்டும்தான் இல்லை. சாவி பின்னால் கிடைக்கலாம். இந்த ஸ்டாப் வகையின் 148 வடிவங்களால் பூட்டப்பட்ட கோப்புகளைத் திறக்க 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசக் கருவி வெளியிட்டது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்ற தளத்தில் இப்படிப்பட்ட கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பூட்டிய ஒரு கோப்பையும், பணம் கேட்டு வைத்த குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை, சாவி உண்டா என்று சொல்லிவிடும். இன்று இல்லை என்று வந்தால் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, புதிய டிஸ்க்கில் விண்டோஸ் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பணம் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். கட்டினாலும் சாவி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முன்கூட்டியே செய்ய வேண்டியது பேக்கப். ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை செருகி, நகல் எடுத்து, உடனே கழற்றி வைப்பது. கழற்றுவதுதான் முக்கியம், செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். கூகுள் டிரைவில் தானாக ஏறும்படி வைத்திருப்பவர்களுக்குப் பூட்டிய கோப்பும் தானாக ஏறிவிடும். ஆனால் பழைய வடிவத்தை டிரைவ் 30 நாள் வைத்திருக்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம்.

இதுவரை சொன்னவை கணினிக்குள் நுழைபவை. ஃபிஷிங் எனப்படும் தூண்டிலில் கணினிக்குள் எதுவுமே வருவதில்லை. வங்கித் தளம் போலவே ஒரு பக்கம், அதில் நீங்களே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஸ்கேன் செய்தால் ஒன்றும் கிடைக்காது, ஃபார்மேட் அடிக்க ஒன்றுமில்லை. முகவரியைப் படிக்கத் தெரிந்தால் பாதிக்குத் தப்பலாம். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதை ஒட்டி இடப்பக்கம் இருப்பதுதான் தளத்தின் சொந்தக்காரர். வங்கியின் பெயர் முகவரியின் தொடக்கத்தில் எத்தனை முறை வந்தாலும் கணக்கில் சேராது. இந்திய வங்கிகளைப் பொறுத்தவரை இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. இனி சாய்கோட்டுக்கு முன்னால் அது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்களை மேலே வரவழைப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கிறது.

மின்னஞ்சலில் வரும் இணைப்புக் கோப்பின் பெயரை வைத்து ஏமாற்றுவது இருபத்தைந்து வருடப் பழக்கம். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வார்ம், சாதாரண எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது. பெயரின் கடைசியில் இருந்த 'விபிஎஸ்' என்ற பகுதியை விண்டோஸ் தானே மறைத்துக் காட்டியதுதான் காரணம். எழுதிய இளைஞரைத் தண்டிக்க அன்று பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை, வழக்கைக் கைவிட்டார்கள். விண்டோஸ் இன்றும் அதே மாதிரி மறைக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 'வியூ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றே டிக் செய்துவிடுங்கள். 'இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்று முழுப் பெயரும் தெரிந்தால் யாரும் சொடுக்க மாட்டார்கள்.

அதே தந்திரம் ஃபோனில் 'ஏபிகே' என்ற பெயரில் வருகிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான், பிஎம் கிசான், வங்கியின் கேஒய்சி என்று வரும் கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகையும் இல்லை, சலானும் இல்லை, ஒரு செயலி. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்பாதீர்கள், அவர் ஃபோன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். பிளே ஸ்டோருக்கு வெளியே வந்த செயலியை இன்ஸ்டால் செய்ய ஆண்ட்ராய்டு தனியாக அனுமதி கேட்கும். தப்பிக்க அதுதான் நல்ல சந்தர்ப்பம். அதைத் தாண்டி, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியும் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியும் கொடுத்துவிட்டால், ஓடிபி உங்களுக்கு வருவதற்கு முன் திருடனுக்குத் தெரியும்.

மாட்டிவிட்டால் ஃபோனை உடனே ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணையுங்கள். வேறு ஃபோனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கின் இணையப் பரிமாற்றத்தையும் யூபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு வேண்டிய படங்களை எடுத்துக்கொண்டு 'ஃபேக்டரி ரீசெட்'. சிம்மில் வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருக்கவும் கூடும். ரீசெட் செய்தாலும் அது போகாது, ஏனென்றால் அது ஃபோனில் இல்லை, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

"இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்" என்ற குறுஞ்செய்தி தமிழ்நாட்டில் வராத வீடு குறைவு. மின்வாரியம் பத்து இலக்கச் சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து மிரட்டல் அனுப்புவதில்லை. அழைத்தால், பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். அதற்காக எனிடெஸ்க் போல ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அந்தச் செயலி திருட்டு மென்பொருள் இல்லை, முறையானதுதான். அதனால் ஆன்டி வைரஸ் வாயைத் திறக்காது. அது காட்டும் எண்ணை நீங்கள் படித்துக் காட்டி, அனுமதியும் கொடுத்தபின் உங்கள் திரை அவர் திரை. கணினியில் இதன் அண்ணன் உண்டு: உங்கள் கணினி பாதிக்கப்பட்டது, இந்த எண்ணை அழைக்கவும் என்று திரை முழுக்கச் சிவப்பாக எழுந்து அலறும் பக்கம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள், அல்லது கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடுங்கள். அதோடு தீர்ந்தது, அது வெறும் ஒரு வலைப்பக்கம்.

வீடியோ அழைப்பில் சீருடையோடு வந்து 'டிஜிட்டல் கைது' என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லை. துண்டித்துவிடுங்கள்.

வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்காத கணினி ஒன்று சுவரில் தொங்குகிறது. சிசிடிவி கேமராவும் வைஃபை ரௌட்டரும்கூடக் கணினிகள்தான். 2016இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டுகள் 60க்கும் மேற்பட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாக முயன்று லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அவற்றைக் கொண்டு அக்டோபர் 21 அன்று பல தளங்களுக்கு இணைய முகவரிச் சேவை தந்த டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டிவிட்டுப் போன டெக்னீஷியனிடம் கேட்டுப் பாருங்கள், பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருக்கும். கணினியை எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும் இது மாறாது. நீங்களே மாற்றுங்கள். படுக்கையறையில் கேமரா எதற்கு என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

பாஸ்வேர்டு என்றதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த விதியைப் பரப்பிய அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பே 2017இல் அதைக் கைவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசியில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டு போவார்கள். நீளமாக இருக்கட்டும், ஓர் இடத்தில் போட்டதை இன்னோர் இடத்தில் போடாதீர்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் மட்டுமாவது தனித்தனியாக இருக்கட்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டுப் பீரோவில் வைப்பதைக் கேலி செய்பவர்களை நான் ஏற்பதில்லை; லும்மாவால் பீரோவைத் திறக்க முடியாது.

சரி, ஆன்டி வைரஸ்? விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும், அதை நிறுத்தாமல் இருந்தால். கட்டணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த வெளி ஹார்டு டிஸ்க்கை வாங்குங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கணினி விண்டோஸ் 11 ஏற்காத அளவுக்குப் பழையது, இணையம் பார்ப்பதுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம்.

பணம் போயே விட்டால்? முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். சாப்பாடு, அழுகை, அண்ணனுக்குத் தகவல் எல்லாம் அதற்குப் பிறகு. அந்த எண்ணில் சொன்னால், பணம் எந்தெந்தக் கணக்குக்குத் தாவியிருக்கிறதோ அந்த வங்கிகளுக்குத் தகவல் போய், எஞ்சியிருப்பதை நிறுத்தி வைப்பார்கள். தாமதமானால் அது ஐந்தாறு கணக்குகளாகச் சிதறி ஏடிஎம் வழியே வெளியேறிவிடும். பரிமாற்ற எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உரையாடல்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் பொறுப்பு. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் மறைப்பவர்கள் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

புகார் கொடுத்த சில நாட்களில் இன்னொரு அழைப்பு வரலாம். உங்கள் பணம் பிடிபட்டுவிட்டது, விடுவிக்க இரண்டாயிரம் கட்டுங்கள் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது. பணத்தை மீட்டுத் தரக் காவல்துறை கட்டணம் வாங்குவதில்லை. புகார் எண்ணைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நீங்களே போட்டு நிலையைப் பாருங்கள், அல்லது மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.